பக்கத்திலிருந்து எதுவும் வராத கேசட்

பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வீடியோ கேம் கேசட் விற்ற பாய், என்னைப் பார்த்தாலே கையில் இருக்கிற டீயைக் கீழே வைத்துவிடுவார். வேறு யார் வந்தாலும் குடித்துக்கொண்டேதான் பேசுவார். நான் வந்தால் நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

"வாங்கம்மா. இந்த வாட்டி இன்னா வரக்கூடாது?" என்பார்.

மற்றவர்கள் என்ன வேணும் என்று சொல்லி வாங்குவார்கள். நான் என்ன வேண்டாம் என்று சொல்லி வாங்குவேன். சொல்லி என்று எழுதிவிட்டேன், ஆனால் அதிகம் பேசமாட்டேன். அவர் ஒரு கேசட்டைப் போட்டுக் காட்டுவார், நான் தலையை ஆட்டுவேன், அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவார். அவர் கடையில் ஒரு சின்ன கறுப்பு வெள்ளை டிவி இருந்தது. போட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பது அவர் சட்டம். கேசட் மேலே ஒட்டியிருக்கிற படம் ஒன்று, உள்ளே இருக்கிற ஆட்டம் வேறு. மேலே கராத்தேக்காரன் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான், உள்ளே போட்டால் தவளை குதிக்கும். அறுபத்து நாலு ஆட்டம் என்று நம்பர் போட்டிருக்கும், எட்டுதான் இருக்கும். அதே எட்டைப் பேர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் பேர் என்னை ஏமாற்றியதில்லை.

பழைய கேசட்டைக் கொடுத்து மேலே கொஞ்சம் காசு போட்டுக் கொடுத்தால் வேறு கேசட் தருவார். மாதம் ஒரு தடவை மயிலாப்பூரில் 12பி ஏறிப் போய்விட்டு வருவேன். போகும்போது உட்கார இடம் கிடைக்கும், வரும்போது கிடைக்காது. முழங்கால் விட்டுப்போகும்.

முதல் தடவை போனபோது, "பேரனுக்காம்மா?" என்று கேட்டார். அறுபது வயசுக்காரி, எனக்குத்தான் என்று சொல்ல முடியுமா? தலையை ஆட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலில் பிறந்த பேரனை அவர் மறக்கவே இல்லை. "பேரன் எப்டிகீறான்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒருதரம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் வர வர கஷ்டமான கேசட் கேப்பாங்க. உங்க பேரன் மட்டும் வர வர ஈசியா கேக்குறானே. படிப்பாவது வருதா அவனுக்கு?" என்றார். நான் சிரித்து வைத்தேன். பஸ்ஸில் வரும்போது எனக்கு அது சிரிப்பாக இல்லை.

உண்மையில் அந்தக் கேசட் எல்லாம் எங்கள் அண்ணிக்கு. என் வீட்டுக்காரருடைய அக்கா அவங்க, என்னைவிட ஏழு வயசு பெரியவங்க. கல்யாணம் ஆகி ஆறு மாசத்தில் புருஷனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவங்க. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தபிறகு, மகன் வேலைக்குப் பம்பாய் போனபிறகு, கோயில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு போர்ஷனில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு ஹால், ஒரு சமையல் அறை, பொதுக் குழாய்.

அண்ணி கிண்டி எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாங்க. தைத்து வருகிற சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, நூல் தொங்குகிறதா, கறை இருக்கிறதா, காலர் இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று பார்த்து, தன் நம்பர் போட்ட சீட்டு வைக்கவேண்டும். இருபத்தாறு வருஷம். "என் கண்ணுல தப்பிச்ச கறை இன்னும் பொறக்கல" என்பாங்க. கடைசி வருஷம் ஒரு பெட்டிச் சட்டை வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தது. இடது கை ஓரத்தில் எண்ணெய்க் கறை. சீட்டு அண்ணியுடையது. அவங்களை செக்கிங்கில் இருந்து எடுத்து நூல் வெட்ட உட்கார வைத்தார்கள். இரண்டே மாதம், வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாங்க. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாங்க: "கண்ணு கெட்டுப்போச்சுன்னு எவளாச்சும் சொன்னா நாக்க அறுத்துருவேன்."

நான்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். வேறு எவளும் இல்லை.

வீடியோ கேம் பெட்டி மகன் விட்டுப்போனது. டிவிக்குக் கீழே துணி போட்டு மூடி வைத்திருந்தேன். வேலையை விட்ட பிறகு அண்ணிக்கு மத்தியானம் கழியவில்லை. ஒருநாள் துணியை உருவிவிட்டு, "இது உயிரோட கீதா, செத்துப்போச்சா? போட்டுப் பாரு" என்றாங்க. மகன் ஆடும்போது பார்த்த ஞாபகத்தில் ஒயரைச் சொருகினேன். உள்ளே இருந்தது ஒரு ரோட்டு ஆட்டம். நம் கார் நடுவில் போகும், இரண்டு பக்கத்துச் சந்திலிருந்தும் லாரியும் காரும் குறுக்கே பாயும். மோதாமல் ஓட்டவேண்டும். ஆளுக்கு ஒரு பட்டன் பெட்டி, ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ஆடலாம்.

அண்ணி அதில் கெட்டிக்காரி. நான் மோசம். "நீ வண்டி ஓட்டுனா மெட்ராஸ்ல ஒரு உயிரு மிஞ்சாதுடி" என்பாங்க. நான் ஒரு ஆட்டம் ஆடி முடிப்பதற்குள் காபிக்குப் பால் வைத்துவிட்டு வருவாங்க. அவங்க முறை வந்தால் பால் பொங்கி வழிந்தாலும் எழுந்திருக்கமாட்டாங்க. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அந்த மத்தியானங்களில்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் சிரிக்க நேரமும் இல்லை, இடையில் ஒரு ஆண்பிள்ளை எப்போதும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

பொங்கலுக்குப் பிறகு அண்ணி தோற்க ஆரம்பித்தாங்க. இடது பக்கம் வருகிற லாரியில் போய் இடிப்பாங்க. "இந்தப் பட்டன் சரியில்ல" என்றாங்க. என் பட்டன் பெட்டியைக் கொடுத்துவிட்டு அவங்களுடையதை நான் வாங்கிக்கொண்டேன். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் இடது பக்கம், மறுபடியும் லாரி. நாலு நாள் பார்த்தேன். ஐந்தாவது நாள் அண்ணி பட்டன் பெட்டியைப் பாயில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாங்க. மத்தியானம் முழுக்கப் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை.

அந்த மௌனம் எனக்குத் தாங்கவில்லை. கேசட்டை மாற்றலாம் என்று தோன்றியது அப்போதுதான். பக்கத்திலிருந்து எதுவும் வரக்கூடாது, வந்தால் மேலேயிருந்து நேராக வரட்டும். பாய் கடையில் நான் முதன்முதலாக வைத்துக்கொண்ட சட்டம் இதுதான்.

மேலேயிருந்து கட்டை விழும் ஆட்டம் ஒன்று கிடைத்தது. அண்ணி மறுபடியும் ஜெயித்தாங்க. "பாத்தியா, பட்டன்தான் கோளாறு" என்றாங்க. பாட்டுக்கூட முணுமுணுத்தாங்க. எனக்கு ஒரு மாதம் நிம்மதி.

பிறகு கட்டை ஓரத்தில் விழுந்தால் தவறவிட்டாங்க. அதனால் அகலமான ஆட்டம் வேண்டாம், ஒடுக்கமாக நடுவிலேயே நடக்கிற ஆட்டம் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். நேரம் குறைந்துகொண்டே வருகிற ஆட்டமும் கூடாது. அவசரத்தில் அண்ணி தப்புப் பட்டனை அமுக்கினாங்க. நிறத்தில் ஒருதரம் ஏமாந்தேன். பாய் டிவி கறுப்பு வெள்ளை. அதில் ஒரு பறவை ஆட்டம் பளிச்சென்று இருந்தது. வீட்டில் போட்டால் பச்சைப் புல்லில் சிவப்புப் பறவை. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாங்க. "எங்கடி பறவை?" என்று கேட்டுவிட்டு, உடனே "ஓ, இங்க கீது" என்றாங்க. அது அங்கே இல்லை. மறுநாளே 12பி ஏறினேன். பாயிடம் முதல்தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினேன். "பாய், இதுல இன்னா இன்னா கலரு?"

"கலரா? எல்லாக் கலரும் கீதும்மா."

"கறுப்பு மேல வெள்ளை வர்ற மாதிரி வேணும்."

"கலர் டிவி வாங்கி கறுப்பு வெள்ளை ஆட்டம் கேக்குறீங்க. பேரன் பெரிய ஆளுதான்."

இன்னொரு சட்டமும் இருந்தது, அதை பாயிடம் சொல்லமுடியாது. நான் வேண்டுமென்றே தோற்பது தெரியாத ஆட்டமாக இருக்கவேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆடினால் நான் விட்டுக்கொடுப்பது பக்கத்தில் இருக்கிறவருக்குப் புரிந்துவிடும். மாற்றி மாற்றி ஆடும் ஆட்டத்தில் என் முறையில் நான் எப்படிச் செத்தாலும், வழக்கமான மோசம்தான் என்று அண்ணி நினைத்துக்கொள்வாங்க. கொஞ்சம் முன்னேறியிருந்த கையை மறுபடியும் மோசமாக்கிக்கொள்வது லேசான வேலை இல்லை. விரல் தானாக சரியான பட்டனுக்குப் போகும், இழுத்துப் பிடிக்கவேண்டும்.

கடைசியாக வந்த சட்டம் சத்தம். சில கேசட்டில் எதிரி வருவதற்கு முன்னால் டொய்ங் என்று ஒரு ஓசை வரும். அந்த மாதிரி ஆட்டத்தில் அண்ணி நன்றாக ஆடினாங்க. அவங்களுக்குப் பாட்டு பிடிக்கும், அதனால்தான் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் பக்கத்து போர்ஷனில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, டிவி சத்தம் கேட்கவில்லை. அண்ணி கையைப் பார்த்தேன். ஒரு தடவைகூட பட்டனை அமுக்கவில்லை. எதிரி வந்து வந்து அடித்துக்கொண்டே இருந்தான். விசில் நின்றது, டொய்ங் கேட்டது, அண்ணி விரல் அமுக்கியது.

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். இடது பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டபோது சொல்லியிருக்கலாம். வாசல் கதவில் தோள் இடித்தபோது சொல்லியிருக்கலாம். நான் டம்ளரை வலது பக்கம் நகர்த்தி வைத்தேன். கதவை விரியத் திறந்து வைத்தேன். அடுத்த மாதம் பாய் கடையில் கண்ணை மூடிக்கொண்டு, காதால் கேட்டு ஒரு கேசட் வாங்கினேன்.

லஸ் முனையில் அண்ணியை ஒரு சைக்கிள் இடித்தது, பக்கவாட்டில் வந்த சைக்கிள். கை தோல் உரிந்தது, மூக்குக்கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடிக்காகத் தெற்கு மாட வீதியில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் அண்ணி "இதேதான், இதேதான்" என்றாங்க. அவர் சந்தேகப்பட்டு, "எதுக்கும் டாக்டரைப் பாத்துட்டு வந்துடுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். கண்ணாடி இல்லாமல் இருக்க முடியாதே என்றுதான் அண்ணி ஒத்துக்கொண்டாங்க.

அடையாறில் ஒரு பெண் டாக்டர். கண்ணில் மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தாங்க. கண்ணுக்குள்ளே அழுத்தம் அதிகமாக இருக்கிறது, நரம்பும் வெளுத்திருக்கிறது, ஒரு மிஷினில் பார்க்கவேண்டும் என்றாங்க. துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள்.

இருட்டு அறை. பெரிய வெள்ளைக் கிண்ணத்தைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு மிஷின். அதன் வாயில் முகவாயை வைத்து, நடுவில் இருக்கிற பொட்டையே பார்க்கவேண்டும். கிண்ணத்துக்குள் அங்கே இங்கே சின்ன வெளிச்சம் வரும், தெரிந்தால் கையில் இருக்கிற பட்டனை அமுக்கவேண்டும். மிஷின் பார்க்கிற பெண் இதைச் சொல்லி முடித்ததும் அண்ணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம ஆட்டம்தான்டி இது. இதுல எத்தினி உயிரு?"

"உயிரா?" என்று அந்தப் பெண் முழித்தாங்க.

ஆரம்பித்தது. கிண்ணத்துக்குள் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் மிஷினுக்குள்ளே கிர்ர், டக் என்று ஒரு சின்ன சத்தம் வந்தது. கிர்ர், டக், அண்ணி விரல் அமுக்கியது. கிர்ர், டக், அமுக்கியது. ஒன்றுகூட விடவில்லை. முடிந்து எழுந்தபோது, "எப்டி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாங்க. ரொம்ப நாளைக்கப்புறம் ஜெயித்த முகம்.

டாக்டர் அந்தப் பேப்பரையும் முன்னால் எழுதி வைத்திருந்த சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாங்க. "இதை நம்புனா உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. நரம்பு வேற மாதிரி சொல்லுது. வெறும் சொட்டு மருந்து போதுமா, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணுமான்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். வீட்ல எங்கயாச்சும் இடிச்சுக்கறீங்களா? பக்கத்துல இருக்கறது தெரியாம போகுதா?"

"அதெல்லாம் ஒன்னும் இல்லம்மா. சைக்கிள்காரன்தான் பாக்காம வந்தான்" என்றாங்க அண்ணி.

டாக்டர் என்னைப் பார்த்தாங்க. வாய் திறக்காமல் இருந்தால் சொட்டு மருந்தோடு வீட்டுக்குப் போய்விடலாம், சாயங்காலம் ஆடலாம். அண்ணி நாக்கை அறுப்பதாகச் சொன்னது ஞாபகம் வந்தது. அவங்க மடியில் இருந்த கையைப் பார்த்தேன். பட்டன் இல்லாமலே விரல் இன்னும் லேசாக அமுக்கிக்கொண்டிருந்தது.

"அவங்க வெளிச்சத்தைப் பாத்து அமுக்கல டாக்டரம்மா. சத்தத்தைக் கேட்டு அமுக்குறாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வீட்லயும் அப்டித்தான் ஆடுறாங்க."

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. இடது பக்க லாரி போன வருஷம் பொங்கலுக்குப் பிறகு தெரியாமல் போனது, கட்டை ஓரத்தில் தவறியது சித்திரையில், சிவப்புப் பறவை ஆடியில், வலது பக்கமும் போனது தீபாவளிக்கு முன்னால். எந்த மாதம் எந்த கேசட்டைக் கொடுத்து எந்த கேசட்டை வாங்கினேனோ, எல்லாம் வரிசையாக வந்தது. அவ்வளவு நேரம் ஒருத்தர் முன்னால் நான் பேசியதே இல்லை. டாக்டர் எழுதிக்கொண்டாங்க. அண்ணி பக்கம் நான் திரும்பவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏம்மா முன்னாடியே கூட்டிட்டு வரல?" என்று டாக்டர் கேட்டாங்க. கோபமாகக் கேட்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அண்ணி காதில் பஞ்சு வைத்து, மறுபடியும் மிஷினில் உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை அவங்க கை ரொம்ப நேரம் சும்மா இருந்தது. பேப்பர் வந்தது. முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு சின்ன வெள்ளைத் திட்டு. எனக்கு அதைப் பார்த்து ஆச்சரியமே வரவில்லை. ஒன்றரை வருஷமாக பாய் கடையில் அது வேண்டாம் இது வேண்டாம் என்று நான் தள்ளித் தள்ளி மிச்சம் வைத்த இடம்தான் அது.

"போனது திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்தலாம்" என்றாங்க டாக்டர்.

முதலில் ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆனது. பிறகு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. நான்தான் விடுவேன். அண்ணி தலையைச் சாய்த்துக் காட்டுவாங்க, பேசமாட்டாங்க. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவாங்க. ஒரு மாதத்துக்குமேல் அப்படியே போனது. பெட்டி மேல் மறுபடியும் துணி போட்டு மூடினேன்.

ஒருநாள் மத்தியானம் மருந்து விட்டு முடித்ததும், கண்ணை மூடிக்கொண்டே கேட்டாங்க.

"நான் ஜெயிச்சதெல்லாம் நீ குடுத்ததா?"

"எல்லாம் இல்ல அண்ணி."

"எத்தினி?"

"தெரியல."

"ஊமையாட்டம் இருந்துட்டு இப்பதான் வாயத் தொறந்துகீற. தொறந்த வாயால பொய் சொல்லாத."

"முக்கால்வாசி" என்றேன்.

அண்ணி கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்துக்கொண்டாங்க. "கண்ணு போனது கூட பரவால்லடி. இத்தினி நாளா என் கண்ணுல நீ தப்பிச்சிருக்க பாரு." கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ரோட்டு கேசட்ட வாங்கியா" என்றாங்க.

"அது வேணாம் அண்ணி. அதுல பக்கத்துல..."

"தெரியும். வாங்கியா."

பாய் டீயைக் கீழே வைத்தார். "வாங்கம்மா. ரொம்ப நாளா காணோம். இந்த வாட்டி இன்னா வரக்கூடாது?"

"எல்லாம் வரலாம் பாய். ரெண்டு பக்கத்துலேர்ந்தும் வண்டி வர்ற ரோட்டு கேசட் வேணும்."

"அப்போ பேரன் தேறிட்டான்."

"பேரன் இல்ல பாய். எங்க அண்ணிக்கு. நானும் அவங்களும்தான் ஆடுவோம்."

பாய் என்னைப் பார்த்தார். "பேரனே இல்லியா?"

"இல்ல."

"அவனுக்குன்னு ஒரு ஈசி கேசட் தனியா எடுத்து வெச்சிக்கினுகீறேனே, யாருக்கும் குடுக்காம" என்று பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். தூசி படிந்திருந்தது. ஏமாற்றிவிட்டேன் என்று கோபப்படவில்லை, ஏதோ தெரிந்த பிள்ளை ஊரைவிட்டுப் போன மாதிரிதான் பேசினார். இதையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். வேண்டாம் என்றேன். ஈசி இனிமேல் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து துணியை எடுத்துவிட்டு ஒயரைச் சொருகினேன். அண்ணி டிவிக்கு நேராக உட்கார்ந்தாங்க.

"நடுவுல நான் பாத்துக்குறேன். பக்கத்துல எது வந்தாலும் நீ சொல்லு. சத்தமா சொல்லு."

கார் கிளம்பியது. இடது சந்தில் லாரியின் மூக்கு தெரிந்தது. "எடது" என்றேன்.

"கேக்கல."

"எடது... எடது அண்ணி."

மோதிவிட்டது. அண்ணி பட்டன் பெட்டியை மடியில் வைத்தாங்க.

"நீ சொல்றதுக்குள்ள லாரி ஏறி எறங்கியே பூட்ச்சி. கொஞ்சம் முன்னாடி சொன்னா இன்னாடி?"

"சொல்றேன் அண்ணி" என்றேன். களைப்பாக இருந்தது. இருந்தாலும் மறுபடியும் பட்டனை அமுக்கி, கார் கிளம்புவதற்கு முன்னாலேயே வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.